மண் காத்தவனுக்குக் கூலி

மாணவ நண்பர்களே, வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் ஒப்பந்தங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. நாம் நாள்தோறும் காலால் மிதிக்கும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் அங்குல மேல்மண் உருவாவதற்கு இயற்கை பல நூறு ஆண்டுகள் உழைக்கிறது. அதனை இழப்பதற்கு மனிதனுக்கு ஒரு பெருமழையோ ஒரு புயற்காற்றோ போதும். அவ்வாறு இழந்த ஒரு நாடு, இழந்த பின்னர் எதனைக் கற்றது, கற்றதை எத்தனை முறை மறந்தது என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி.

இதற்கு முன்னுரையாக என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், வானம் பார்த்த பூமியாகிய ஒரு வட்டாரத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மண்ணரிப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சரிவான நிலத்தில் குறுக்கே வரப்பு அமைத்தால் மழைநீர் நின்று ஊறும், மேல்மண் அடித்துச் செல்லப்படாது, கீழேயுள்ள ஏரியும் தூர்ந்துபோகாது என்று விளக்கினேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் உழவரின் மகன் எழுந்தான்.

“ஐயா, குறுக்கே வரப்புப் போட்டால் எங்கள் அப்பாவுக்கு விதைக்கிற இடம் குறையும். ஆள் கூலியும் கையை விட்டுப் போகும். ஏரி தூராமல் இருந்தால் ஊருக்கெல்லாம் நன்மை என்கிறீர்கள். நன்மை ஊருக்கு, செலவு மட்டும் எங்கள் அப்பாவுக்கா?” என்று கேட்டான்.

“நாட்டின் நன்மைக்காக ஒவ்வொருவரும் சிறிது இழக்கத்தான் வேண்டும்” என்று சொல்லி அவனை உட்காரச் செய்தேன். அவன் உட்கார்ந்த விதத்திலேயே என் விடை அவனுக்குப் போதவில்லை என்பது தெரிந்தது. வினா எழுப்பும் மாணவனின் வாயை அறிவுரையால் அடைத்தல் ஆகாது என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றதை அன்று நானே மீறினேன். அந்த வினா என்னை விட்டு அகலவில்லை. பின்னாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேளாண்மை வரலாற்றைப் படித்தபோது, அதே வினாவுக்கு ஒரு பெரிய நாடே பல தலைமுறைகளாக விடை தேடிவருவதைக் கண்டேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, வடக்கு தெற்காகப் பரந்து கிடக்கிறது பெருஞ்சமவெளி. அதன் மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 20 அங்குலத்திற்கும் குறைவாகவே மழை பெய்யும். அதுவும் சில ஆண்டுகளில் பொய்த்துவிடும். காற்றோ ஓயாமல் வீசும். அத்தகைய நிலத்தில் இயற்கை வளர்த்திருந்த பயிர் புல் ஒன்றே. குட்டையாக வளரும் அப்புல் வகைகள் தம் வேர்களை ஆழமாகவும் அடர்த்தியாகவும் பரப்பி, மண்ணைப் பாய் பின்னியதுபோல் பிடித்து வைத்திருந்தன. அப்புல்லை நம்பிக் காட்டெருதுகள் வாழ்ந்தன. அவற்றை நம்பிக் கொமாஞ்சி, கயோவா, செயென் முதலிய பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருதுகள் கொன்று குவிக்கப்பட்டன. மக்கள் தம் நிலத்தினின்றும் அகற்றப்பட்டனர். புல் மட்டும் எஞ்சியது.

அப்புல்லையும் உழுது புரட்டுமாறு அழைத்தது அரசாங்கமே என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். 1862ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவே வழங்கியது. வறண்ட பகுதிக்கு 160 ஏக்கர் போதாது என்று கண்டு, 1909ஆம் ஆண்டில் அதனை 320 ஏக்கராக உயர்த்தினர். ஏர் சென்ற இடத்திற்கு மழை பின்தொடர்ந்து வரும் என்றொரு விந்தையான நம்பிக்கையையும் அக்காலத்து நிலத்தரகர்களும் இருப்புப்பாதைக் கம்பெனியார்களும் பரப்பினர். பின்பு முதல் உலகப் போர் வந்தது. ஐரோப்பாவுக்குக் கோதுமை தேவைப்பட்டது. புஷல் ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ எடைக்கு, 2 டாலர் விலை கிடைக்குமென்று 1917ஆம் ஆண்டில் அரசாங்கமே உறுதியளித்தது. போருக்கு முன் அவ்விலை ஒரு டாலரையொட்டியே இருந்தது. உழவர்கள் டிராக்டர்களை வாங்கினர்; கடன் வாங்கி நிலம் சேர்த்தனர்; தலைமுறை தலைமுறையாக ஏர் படாத புல்தரையை உழுது கோதுமை விதைத்தனர்.

போர் முடிந்தது, விலை விழுந்தது. விலை விழுந்தால் உழவர் என்ன செய்வார்? குறைவாக விதைப்பார் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் நேர்ந்தது அதற்கு மாறானது. கடனுக்குரிய வட்டியைக் கட்டியாக வேண்டுமே! பாதி விலைக்கு இரு மடங்கு விற்றால்தானே பழைய வருவாய் வரும்? ஆகவே மேலும் மேலும் உழுதனர். 1931ஆம் ஆண்டில் விளைச்சல் குவிந்தது. விலையோ புஷலுக்கு 40 சென்டுக்கும் கீழே இறங்கியது. “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்னும் நம் பழமொழி கடல் கடந்தும் மெய்யாயிற்று. அவ்வேளையிலேயே மழையும் பொய்த்தது. பயிர் காய்ந்தது, புல் முன்பே அழிந்துவிட்டது, மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. காற்று தன் வேலையைத் தொடங்கியது.

1934ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதிப்புயல் சமவெளியின் மண்ணைச் சுமந்துகொண்டு சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களின்மீது தூவிச் சென்றது. அட்லாண்டிக் கடலில் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் சென்ற கப்பல்களின் மேல்தளத்திலும் அப்புழுதி படிந்தது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை எழுந்த கரும்புயல் நண்பகலுக்குப் பிந்திய வெளிச்சத்தை நள்ளிரவாக்கியது. அதனைக் கண்டு எழுதிய ராபர்ட் கைகர் என்னும் செய்தியாளரின் எழுத்திலிருந்தே ‘புழுதிக் கிண்ணம்’ என்னும் பெயர் அப்பகுதிக்கு நிலைத்தது. ஓக்லஹாமா, டெக்சஸ், கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய ஐந்து மாநிலங்கள் கூடும் இடமே அதன் நடுவிடம். மக்கள் சன்னல்களில் ஈரத்துணிகளைக் கட்டித் தொங்கவிட்டனர். உணவுத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, உண்ணும் வேளையில் மட்டும் நிமிர்த்தினர். புழுதியை உள்ளிழுத்ததால் வந்த நுரையீரல் நோய்க்குக் குழந்தைகள் பலியாயினர். காற்றில் மிகுந்த மின்னேற்றம் தரைக்கு இறங்குவதற்காக மோட்டார் வண்டிகளின் பின்னே இரும்புச் சங்கிலியைத் தொங்கவிட்டு ஓட்டினர். 1940க்குள் பெருஞ்சமவெளி மாநிலங்களைவிட்டு ஏறத்தாழ 25 லட்சம் பேர் வெளியேறினர் என்பர். ஆயினும் புழுதிக் கிண்ணத்தின் நடுவில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிப் போராடினர் என்பதையும் மறத்தலாகாது.

இந்தப் பேரிடருக்குப் பல ஆண்டுகள் முன்பே இதனை எச்சரித்த ஒருவர் இருந்தார். அவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். 1881ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தின் ஆன்சன் வட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை முடித்து 1903ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் மண்ணாய்வுப் பிரிவில் சேர்ந்தவர். 1905ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா வட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த இரு நிலங்களை அவர் கண்டார். ஒன்று மரங்கள் அடர்ந்த நிலம். அங்கே மண் வெறுங்கையால் தோண்டக்கூடிய அளவுக்கு நெகிழ்ந்து ஈரப்பதத்துடன் இருந்தது. மற்றொன்று நெடுங்காலம் உழுது பயிரிட்ட நிலம். அங்கே மண் கல்லைப்போல் இறுகிக் கிடந்தது. இரண்டும் ஒருகாலத்தில் ஒரே மண்ணாக இருந்தவைதாம். பயிரிட்ட நிலத்தில் ஒவ்வொரு மழையும் ஒரு மெல்லிய ஏட்டை உரித்தெடுப்பதுபோல் மேல்மண்ணைக் கொண்டுபோயிருந்தது. பள்ளமாக அரித்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஏடு ஏடாக உரிந்தமையால் உழவருக்கே தெரியவில்லை.

இக்கருத்தை ஏற்பார் அன்று அரிதாகவே இருந்தனர். மண் அழியாத செல்வம் என்றே அவர் பணியாற்றிய பிரிவின் 1909ஆம் ஆண்டு வெளியீடு ஒன்று கூறியது! பென்னட் சோர்ந்துவிடவில்லை. 1928ஆம் ஆண்டில், மண்ணரிப்பை நாட்டுக்கே நேர்ந்துள்ள பெருந்தீங்கு என்று விளக்கும் சிறு வெளியீடு ஒன்றை உடனாசிரியர் ஒருவருடன் எழுதினார். அதன் பயனாக மண்ணரிப்பு ஆராய்ச்சி நிலையங்களுக்கென 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அந்நிலையங்களில், புல் மூடிய பாத்தியிலிருந்து எவ்வளவு மண் செல்கிறது, வெறுமையாக உழுத பாத்தியிலிருந்து எவ்வளவு செல்கிறது என்று அளந்தனர். 1933ஆம் ஆண்டில் மண்ணரிப்புத் தடுப்புப் பணிக்கெனத் தனி அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டு, அவர் அதன் தலைவரானார்.

விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கு என்னுமிடத்தில் நடந்த முதல் முயற்சியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில் என் மாணவனின் வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி அங்கேதான் கிடைக்கிறது. அரசாங்கம் உழவருக்கு வெறும் அறிவுரை கூறவில்லை. அவரோடு ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. விதையும் சுண்ணாம்பும் வேலிக்கம்பியும் அரசாங்கம் தரும். வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்டிருந்த பாதுகாப்புப் படையினர் உடலுழைப்புத் தருவர். உழவர் தம் உழைப்பைச் சேர்த்துக்கொண்டு, வகுத்த திட்டப்படி நிலத்தைப் பயன்படுத்த வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுதல், புல்லும் தானியமும் மாறிமாறிப் பட்டை பட்டையாக விதைத்தல், செங்குத்தான சரிவுகளை மரங்களுக்கு விட்டுவிடுதல் என்பன அத்திட்டத்தின் கூறுகள். நானூறுக்கு மேற்பட்ட உழவர்கள் கையெழுத்திட்டனர். செலவு இருவரது ஆயிற்று. ஆகவே பொறுப்பும் இருவரதாயிற்று.

1935ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பணியை நிலையாக்கும் சட்டம் காங்கிரஸ் மாமன்றத்தின் ஆய்வில் இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சமவெளியின் புழுதி வாஷிங்டன் நகரத்தின் வானத்தையே மங்கச் செய்தது. புழுதி வந்துசேரும் வேளையை அறிந்து பென்னட் தம் சான்றுரையை நீட்டினார் என்றும், சன்னலுக்கு வெளியே இருள் சூழ்ந்ததைக் காட்டி உறுப்பினர்களை உடன்படச் செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அக்கதை வாய்க்கு வாய் மெருகேறியிருக்கலாம். ஆனால் எங்கோ தொலைவிலுள்ள உழவரின் மண், சட்டம் இயற்றுவோரின் மூக்கிலேயே நுழைந்தது என்பது மெய். அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் நாள் எதிர்வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறிய மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. வேளாண்மைத் துறையில் மண் பாதுகாப்புப் பணிப்பிரிவு நிலையாக அமைந்தது. பென்னட் அதன் முதல் தலைவர்.

இனி, நான் உங்களைச் சற்று நிதானமாகக் கேட்குமாறு வேண்டும் இடம் வருகிறது. 1933ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் வேறொரு சட்டத்தையும் இயற்றியிருந்தது. விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தமையால், பயிரிடும் பரப்பைக் குறைக்கும் உழவர்களுக்குப் பணம் தருவதே அச்சட்டம். 1936ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. உழவர்களுக்குப் பணம் சேர்க்க வேறு வழி வேண்டுமே! இரண்டு மாதம் முடியுமுன், பிப்ரவரி 29ஆம் நாள், புதிய சட்டம் ஒன்று வந்தது. கோதுமை, பருத்தி, மக்காச்சோளம், புகையிலை முதலியன மண்ணின் வளத்தை உறிஞ்சும் பயிர்கள் என்றும், புல்லும் பயறு வகைகளும் மண்ணைக் காக்கும் பயிர்கள் என்றும் பிரித்து, முன்னவற்றைக் குறைத்துப் பின்னவற்றைப் பெருக்குவோருக்கு அரசாங்கம் பணம் தரும் என்றது அச்சட்டம். உறிஞ்சும் பயிர்கள் எவை? சந்தையில் மிகுதியாகக் குவிந்திருந்த அதே பயிர்களே! மண்ணைக் காக்கும் நோக்கமும் விலையை உயர்த்தும் நோக்கமும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளாயின. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தவரையில் வண்டி நன்றாக ஓடியது. அவை வெவ்வேறு பக்கம் இழுத்தபோது என்ன நேர்ந்தது என்பதைப் பின்னே காண்போம்.

நல்ல காலத்தில் அவ்வண்டி பெருந்தொலைவு சென்றது என்பதையும் கூற வேண்டும். உழவர்களே கூடி மண் பாதுகாப்பு வட்டாரங்களை அமைத்துக்கொள்ள ஒவ்வொரு மாநிலமும் சட்டம் இயற்ற வேண்டுமென்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1937ஆம் ஆண்டில் மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் நாட்டின் முதல் வட்டாரம் பென்னட் பிறந்த ஆன்சன் வட்டத்திலேயே, பிரவுன் கிரீக் என்னும் பெயரில் அமைந்தது. இன்று அத்தகைய வட்டாரங்கள் ஏறத்தாழ 3,000 உள்ளன. காற்றைத் தடுக்க வடக்கே டகோட்டாவிலிருந்து தெற்கே டெக்சஸ் வரை மரவரிசைகளை நடும் பணி 1935ஆம் ஆண்டு மார்ச்சில் ஓக்லஹாமாவில் தொடங்கியது. 1942க்குள் 20 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் ஏறத்தாழ 30,000 பண்ணைகளில் நடப்பட்டன. பயிருக்கு உதவாத நிலங்களை அரசாங்கமே விலைக்கு வாங்கிப் புல் விதைத்தது. அவற்றில் ஒரு பகுதியே இன்று தேசியப் புல்வெளிகள் என்னும் பெயரில், ஏறத்தாழ 40 லட்சம் ஏக்கர் பரப்பில் நிலைத்திருக்கிறது.

குறையும் இருந்தது, அதனை மறைப்பது வரலாறு ஆகாது. பணம் நில உடைமையாளரின் கைக்கே சென்றது. தெற்குப் பகுதியின் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுத ஏழைகளுக்கு, அவர்களுள்ளும் கறுப்பின மக்களுக்கு, உரிய பங்கு பெரும்பாலும் சேரவில்லை. பரப்பைக் குறைக்கப் பணம் கிடைத்ததும், இனி ஆள் வேண்டியதில்லை என்று அவர்களை வெளியேற்றிய நிலக்கிழார்களும் உண்டு. மண்ணைக் காக்கும் திட்டம் அம்மண்ணில் உழைத்தவனைக் காக்கவில்லை. திட்டம் தீட்டுவோர் எக்காலத்தும் நினைவிற் கொள்ள வேண்டிய பாடம் இது.

இனி அந்த இரு மாடுகளின் கதைக்கு வருவோம். 1930களின் இறுதியில் மழை திரும்பியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கோதுமை விலை ஏறியது. காக்கப்பட்ட புல்தரைகள் பல மீண்டும் உழப்பட்டன. 1950களில் வறட்சி வந்தபோது அதே சமவெளியில் மீண்டும் புழுதி எழுந்தது. அவ்வேளையில் தானியமும் களஞ்சியங்களில் குவிந்து கிடந்தது. ஆகவே 1956ஆம் ஆண்டில் மண் வங்கி என்னும் திட்டம் வந்தது. நிலத்தைப் பத்தாண்டு வரை புல்லுக்கோ மரத்துக்கோ விட்டுவைக்கும் உழவருக்கு ஆண்டுதோறும் வாடகைபோல் பணம் தருவதே அது. 1960ஆம் ஆண்டில் 2 கோடியே 80 லட்சம் ஏக்கருக்கு மேல் அத்திட்டத்தில் இருந்தது. உடன்படிக்கைக் காலம் முடிந்தது, திட்டம் புதுப்பிக்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் பேரளவில் தானியம் வாங்கியது, விலை பன்மடங்காயிற்று. வேளாண்மைத் துறையே வேலிக்கு வேலி விதைக்குமாறு ஊக்கியது. புல் மறைந்தது. முந்தைய தலைமுறை நட்ட மரவரிசைகள் பல பெரிய பாசனக் கருவிகளுக்கு இடையூறு என்று வெட்டப்பட்டன.

1980களில் மீண்டும் விலை வீழ்ந்தது. மீண்டும் மண்ணின் நினைவு வந்தது. 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தைக் கொணர்ந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு வரை புல்லுக்கும் மரத்துக்கும் ஒதுக்கும் உழவருக்கு ஆண்டு வாடகையும், நடவுச் செலவில் பாதியும் அரசாங்கம் தரும். இச்சட்டத்தில் புதியதொரு கூறும் இருந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தில் தக்க பாதுகாப்பின்றிப் பயிரிடுபவரும், சதுப்பு நிலத்தை வடித்து உழுபவரும் அரசாங்கத்தின் மற்ற வேளாண் உதவிகளை இழப்பர் என்பதே அது. மண்ணைக் காப்பவருக்குக் கூலி. காக்காதவருக்கு அரசாங்கத்தின் கைத்தாங்கல் இல்லை. 1990க்குள் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அமெரிக்கப் பயிர்நிலங்களில் நேர்ந்த மண்ணரிப்பு 1982க்கும் 2007க்கும் இடையில் 43 விழுக்காடு குறைந்தது என்று அந்நாட்டு வேளாண்மைத் துறையின் கணக்கு கூறுகிறது. இது சிறிய வெற்றியன்று.

2007ஆம் ஆண்டில் அவ்வொதுக்கீடு 3 கோடியே 68 லட்சம் ஏக்கராகி உச்சத்தை எட்டியது. அதே ஆண்டில் மற்றொரு சட்டம், மோட்டார் எரிபொருளில் கலக்கும் எத்தனால் போன்ற தாவர எரிபொருளின் அளவை மிகவும் உயர்த்தியது. கரியமில வாயுவைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. எத்தனாலுக்கு மக்காச்சோளம் வேண்டும். மக்காச்சோளத்தின் விலை ஏறியது. ஒதுக்கிய புல்தரைகளை உழவர்கள் மீண்டும் உழுதனர். ஒதுக்கீட்டின் உச்சவரம்பையும் 2014ஆம் ஆண்டின் சட்டம் 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகக் குறைத்தது. 2016ஆம் ஆண்டில் ஒதுக்கீடு அந்த அளவுக்கே இறங்கியிருந்தது. ஒரு கையால் நட்டதை மறுகையால் பிடுங்கிய கதை இது.

இங்கே தட்பவெப்ப நிலையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். புல்வெளியின் மண் கருமையாக இருப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள மட்கு. செடிகள் காற்றிலிருந்து ஈர்த்த கரியே அம்மட்கில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. புல்தரையை உழும்போது அது காற்றோடு கலந்து சிதைந்து, கரியமில வாயுவாக மீண்டும் வானத்துக்குச் செல்கிறது. நெடுங்காலம் உழப்பட்ட புல்வெளி மண் தன் கரியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழந்துவிட்டதென அறிஞர் கணக்கிடுவர். மீண்டும் புல் விதைத்தால் அக்கரி மெல்ல மெல்லத் திரும்பும். பல பத்தாண்டுகள் ஆகும். ஆனால் பத்தாண்டு சேர்த்ததை இழக்க ஒரு பருவத்து உழவு போதும். ஆகவே மண்ணரிப்பைத் தடுக்க அன்று தொடங்கிய திட்டங்களே இன்று புவி வெப்பத்தைத் தணிக்கும் திட்டங்களாகவும் எண்ணப்படுகின்றன. 2022ஆம் ஆண்டின் சட்டமொன்று, தட்பவெப்ப நிலைக்கு நலம் செய்யும் மண் பாதுகாப்பு முறைகளுக்கென ஏறத்தாழ 1,950 கோடி டாலர் ஒதுக்கியது. அரசு மாறியது, 2025ஆம் ஆண்டில் வந்த சட்டம் அத்தொகையில் செலவாகாத பகுதியைப் பொதுவான மண் பாதுகாப்புத் திட்டங்களில் சேர்த்து, தட்பவெப்ப நிலை பற்றிய நிபந்தனையை நீக்கியது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய, தட்பவெப்ப நிலைக்கு உகந்த விளைபொருள்களுக்கான மற்றொரு பெருந்திட்டமோ 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. பணத்தை நம்பித் தொடங்கிய வேலையில் பாதியில் நின்ற உழவர்களும் உண்டு.

2011ஆம் ஆண்டு தொடங்கித் தென்சமவெளியில் கடும் வறட்சி நிலவியது. புழுதி எழுந்தது, எனினும் 1930களின் பேரழிவு திரும்பவில்லை. ஆழ்கிணற்றுப் பாசனம் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த நிலத்தடி நீரோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. மற்றொரு காரணம், மூன்று தலைமுறைகளாக விட்டுவிட்டேனும் செய்துவந்த மண் பாதுகாப்பு. மறந்தும் நினைத்தும் செய்ததற்கே இவ்வளவு பயன் என்றால், மறவாமல் செய்திருந்தால் எவ்வளவு பயன் விளைந்திருக்கும்!

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கை நீங்கள் கண்டிருப்பீர்கள். தானியம் குவிந்து விலை வீழ்ந்த காலங்களில் மண்ணைக் காக்க அரசாங்கத்துக்கு மனமும் பணமும் இருந்தன. விலை ஏறிய காலங்களில் இரண்டும் குறைந்தன. அதாவது, பெரும்பாலும் மண்ணுக்காக மட்டுமே மண் காக்கப்படவில்லை, விலைக்காகவும் காக்கப்பட்டது. விலை என்னும் மாடு திரும்பியபோதெல்லாம் வண்டியும் திரும்பியது. மண்ணோ சந்தையின் ஏற்ற இறக்கத்தை அறியாது. அதற்குத் தேவையான காலம் பத்தாண்டுமன்று, பதினைந்தாண்டுமன்று.

இப்போது, அன்று கடைசி வரிசையில் எழுந்து நின்ற மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைச் சொல்கிறேன். “தம்பி, உன் கேள்வி முறையானது. நன்மை ஊருக்கு என்றால் செலவிலும் ஊருக்குப் பங்கு உண்டு. உன் தந்தை வரப்புக்கு விட்ட இடத்திற்கும் அவர் கொடுத்த கூலிக்கும் ஊர் ஈடு செய்ய வேண்டும். அது பிச்சையன்று, காவலனுக்குத் தரும் கூலி. ஆனால் கூலி வாங்கிய பின்பு விலை ஏறியது என்று வரப்பை அழிக்கலாகாது. விலை ஏறியது என்று ஊரும் கூலியை நிறுத்தலாகாது. இருவரும் சொன்ன சொல் தவறாதிருந்தால்தான் மண் நிற்கும்.”

அவன் இன்று எங்கே இருக்கிறானோ! ஐம்பதைக் கடந்திருப்பான், அவன் தந்தையின் காட்டை அவனே உழுதுகொண்டிருக்கவும் கூடும். நாற்பது ஆண்டு தாமதமாக வந்த இந்த விடை வானொலி வழியாக அவன் செவிக்கு எட்டினால், என் பாடத்தில் எஞ்சியிருந்த ஒரு பகுதியை நடத்தி முடித்தவனாவேன். நாளை உங்களுள் சிலர் உழவராவீர்கள். சிலர் சட்டம் இயற்றுவீர்கள். சிலர் என்னைப்போல் வகுப்பறையில் நிற்பீர்கள். கடைசி வரிசையிலிருந்து அத்தகைய வினா எழும்போது அவனை உட்காரச் சொல்லாதீர்கள். அவனோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.